டிரையர் திரையில் விழுந்த வட்டம்

எஸ்டேட்டுக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என்னை ஸ்டெல்லா அக்கா என்றே கூப்பிடலாம். வேலையில் இருந்தவரை என் பதவிக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளிகள் யாரும் அதைச் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஆபீஸ் கணக்கெழுதுகிறவருக்குக் கிராணி என்று பெயர். மேசைமேல் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்த என்னைக் கம்ப்யூட்டர் கிராணி ஆக்கிவிட்டார்கள். எனக்கும் அது பிடித்துப்போயிற்று.

இப்போது ஓய்வு பெற்று, ரிங்லெட் என்ற மலையூரில் வீட்டு வாசலில் நாலு ஸ்ட்ராபெரிச் செடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மேலதிகாரி வந்து, "புதுசா வர்றவங்களுக்கு எத மொதல்ல சொல்லிக் குடுப்பீங்கக்கா?" என்று கேட்டார். திரையைப் படம் பிடிப்பது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சின்னப் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியுமேக்கா!"

எடுக்கத் தெரியும். எப்போது எடுப்பது, எடுத்ததை யாரிடம் காட்டுவது, அதில் தெரிவதை எவ்வளவு நம்புவது என்பதெல்லாம் எந்த விசைப்பலகையிலும் இல்லை. எந்த விசையை அழுத்துவது என்று நான் பேசப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் என்னைப் போலவே ஒருவர் வேலை பார்த்தார். நேரில் பார்த்ததே இல்லை. தொலைபேசியில் வரும் குரல் மட்டும்தான். நான் அவரை அழைத்து, "சார், சர்வர் போயிருச்சு போல இருக்கு" என்றால் உடனே குறுக்கே வெட்டுவார்.

"போல இருக்கெல்லாம் வேணாம்மா. திரையில என்னா எழுதியிருக்கு? எழுத்தெழுத்தாப் படிங்க. நீங்க நெனைக்கிறத அப்பறமாச் சொல்லுங்க, மொதல்ல தெரியிறதச் சொல்லுங்க."

முதலில் கோபம் வந்தது. பிறகு அதே பேச்சை நானும் மற்றவர்களிடம் பேசத் தொடங்கினேன்.

ஆனால் நாம் பேசுவது அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் முக்கியம். பக்கத்து ஊரான திரிங்காப்பில் எங்கள் தேயிலையை விற்கும் கடை ஒன்று இருந்தது. லெட்சுமி அக்கா பார்த்துக்கொண்டார். ஒரு காலையில் பில் போடும் கம்ப்யூட்டர் ஏதோ பிழை காட்டுகிறது என்று அழைத்தார். நான் வேறு ஒரு வேலையில் மூழ்கியிருந்தேன். "ஸ்கிரீன அனுப்புங்கக்கா, பாக்கறேன்" என்றேன். "சரிம்மா, இப்பவே அனுப்பிடறேன்" என்றார். காத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

மத்தியானம் ரிங்லெட் ஆபீஸ் வாசலில் ஒரு காய்கறி லோரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "அக்கா, ஒங்க டிவி வந்திருக்கு" என்றார். கோஸ் கூடைகளுக்கு நடுவில், சாரோங் துணியில் பத்திரமாகச் சுற்றி, கடைக் கம்ப்யூட்டரின் திரையை அனுப்பி வைத்திருந்தார் லெட்சுமி அக்கா. நான் மூச்சு விடுவதற்குள் அவரே அழைத்துவிட்டார். "எப்பம்மா திருப்பி அனுப்புவ? இங்க டூரிஸ்ட்டுங்க வரிசையா நிக்கிறாங்க!"

அன்றிலிருந்து, "திரையில தெரியிறத அப்படியே படமாப் பிடிச்சு அனுப்புங்க" என்று முழு வாக்கியமாகச் சொல்வது என் வழக்கம். கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். லோரி வராது.

இனி நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மேலே எங்கள் பேக்டரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, கடைசியில் சூடான காற்றில் காய வைப்பார்கள். காய வைக்கும் அந்தப் பெரிய இயந்திரம்தான் டிரையர். அதன் சூட்டைக் கட்டுப்படுத்துவது ஒரு கம்ப்யூட்டர். டிரையரை ஒட்டி ஒரு சின்ன அறை, அதற்குள் தொடுதிரை. திரையில் இப்போதைய சூடு, பக்கத்தில் நாம் வைக்கும் அளவு, அதை ஏற்ற ஓர் அம்பு, இறக்க ஓர் அம்பு. டிரையரைப் பார்த்துக்கொண்டவன் குணா. அவனுடைய அப்பாவும் அதே பேக்டரியில் இருந்தவர். குணா அதிகம் பேசமாட்டான். காய்ந்து வரும் தூளைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினால், தூள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சில நாட்களில் பிற்பகல் தூள் மட்டும் கருகி வரத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. சுவை பார்க்கிறவர்கள் புகை வாசனை என்று திருப்பி அனுப்பினார்கள். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததைப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் சூட்டு அளவு ஏற்றப்பட்டிருந்தது. ஏற்றியது அந்தத் திரையிலிருந்துதான். அப்போது திரையில் உள்நுழைந்திருந்ததும் குணாவின் பெயரில்தான்.

"நான் தொடல சார்" என்று குணா ஒரே வார்த்தையில் நின்றான்.

பேக்டரி மேனேஜர் நாதன் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் மேலே இருந்து அவருக்கு அழுத்தம். என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஸ்டெல்லா, அந்தத் திரைய நாள் பூரா வீடியோ எடுக்க முடியும்தானே?"

"முடியும் சார்."

"அப்ப எடுங்க. அவன்கிட்ட சொல்ல வேணாம். சொன்னா உஷாராயிருவான்."

இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். உங்களுக்கும் ஒருநாள் யாராவது இப்படிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள். கேட்கிறவர் உங்கள் மேலதிகாரியாக இருப்பார். அவர் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கும்.

"சொல்லிட்டுத்தான் போடுவேன் சார்" என்றேன். "சொல்லாமப் போட்டு அது வெளிய தெரிஞ்சா, அப்பறம் இந்த பேக்டரியில ஒருத்தரும் என்னையக் கம்ப்யூட்டர் பக்கத்துல விடமாட்டாங்க. நாளைக்கு ஒன்னு ரோசாக் ஆச்சுன்னா, கெட்டுப்போச்சுன்னா, யாரும் எனக்கு உண்மையச் சொல்லமாட்டாங்க. பழுது பாக்குற வேலையில அது எனக்குக் கட்டாது."

"அப்பறம் அவன் ஒழுங்கா இருப்பான். நமக்கு ஒன்னும் கெடைக்காது."

"ஒழுங்கா இருந்தா தூள் கருகாது. அதுதானே சார் ஒங்களுக்கு வேணும்?"

"சரி, ஒங்க இஷ்டம். ஆனா ஒன்னும் கெடைக்கலன்னா என்னையக் கேக்கக் கூடாது" என்றார்.

நான் போய் குணாவிடம் சொன்னேன். திரையில் நடப்பது எல்லாம் பதிவாகும், விரல் பட்ட இடத்தில் சின்ன வட்டம் விழும், அறையோ ஆளோ பேச்சோ பதிவாகாது என்று விளக்கினேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"போடுங்கக்கா. நான் என்னா களவாணியா? தாராளமாப் போடுங்க."

சொல்லிவிட்டுக் கைகளை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டான். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. மழை இல்லாத நாட்கள். தூள் அருமையாக வந்தது. நாதன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்துவார். நான் சொன்னேனே, உஷாராகிவிட்டான் பார் என்று அர்த்தம். நான் கண்டுகொள்ளவில்லை. பதிவை நிறுத்தவும் இல்லை.

பிறகு ஒரு பிற்பகல், மலையை மறைத்துக்கொண்டு மழை. நான் அன்று பேக்டரி ஆபீஸில் வேறு வேலையாக இருந்தேன். யாரோ கத்துவது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் டிரையர் வாயிலிருந்து புகை. தூள் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடு ஏறியிருந்தது. குணா காற்றைச் சூடாக்கும் அடுப்பை அணைத்து, கொழுந்து உள்ளே போவதை நிறுத்தி, ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். அதை அவன் செய்த வேகத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் தாமதித்திருந்தால் தீதான்.

நாதன் மழையில் நனைந்தபடி ஓடிவந்தார். டிரையரை விற்ற கம்பெனிக்காரர் கைப்பேசியில், கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். மின்சாரம் பார்க்கும் அண்ணன் சுவரில் இருந்த பெரிய சுவிட்சில் கையை வைத்துவிட்டார். "அக்கா, ஆஃப் பண்றேன்!"

"கை வைக்காதீங்கண்ணே!" நானும் கத்தினேன். திரும்பி, "குணா, அடுப்பு அணைஞ்சிருச்சா?"

"அணைஞ்சிருச்சுக்கா."

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க."

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை வெட்டினால், அதுவரை பிடித்த படம் திறக்க முடியாமல் கெட்டுப்போகலாம். எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. நாதன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் பதிவை நிறுத்திச் சேமித்து, என்னிடமிருந்த டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு எழுந்தேன். "இப்ப ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றேன். ஆபத்து இருந்திருந்தால் நானே ஓடிப்போய் அந்தச் சுவிட்சைத் தட்டியிருப்பேன். ஆள் முதலில், படம் பிறகு. அந்த வரிசையை மட்டும் எந்த அவசரத்திலும் மாற்றாதீர்கள்.

ஆபீஸில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பகுதியை ஓட்டினேன். நாதன் என் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையில் வட்டம் ஒன்று தோன்றியது. சூட்டை ஏற்றும் அம்பின்மேல் வந்து நின்றது. எண் ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது.

"பாத்தீங்கள்ல? விரல்" என்றார் நாதன். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. வருத்தம்தான். "வீடியோ ஓடுதுன்னு தெரிஞ்சும் செய்யறான். நாளன்னைக்கு விசாரணை. அதுவரைக்கும் அவன் டிரையர் பக்கம் போகக் கூடாது."

எனக்கும் அது விரலாகத்தான் தெரிந்தது. கையில் ஆதாரம் கிடைத்தவுடன் வரும் அந்தத் திருப்தி இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். கோலாலம்பூர்க் குரல்தான் காதில் கேட்டது. விரல் என்பது நாங்கள் நினைத்தது. தெரிந்தது வட்டம்.

மறுநாள் காலை நான் கெட்ட நேரத்தை விட்டுவிட்டு, நல்ல நேரங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். தூள் ஒழுங்காக வந்த மணிகளில் குணாவின் விரல் எப்படித் தொடுகிறது என்று தெரிந்தால்தானே, தப்பு நடந்தபோது என்ன மாறியது என்று தெரியும்?

பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. குணாவின் வட்டங்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்பைத் தொடப் போய்ப் பக்கத்தில் விழுந்தன. இடதும் வலதுமாக ஆடின. ஒரு பொத்தானை அழுத்த மறுபடி மறுபடி முயற்சி செய்திருந்தான். பிறகு, வேலை ஓய்ந்த ஒரு நேரத்தில், பதிவு ஓடுவதை மறந்து, அதே திரையில் இணையத்தைத் திறந்து எழுத்தெழுத்தாகத் தேடியிருந்தான். "கை நடுக்கம் ஏன் வருது." அதற்குக் கீழே, "கை நடுங்கினா வேலை செய்யலாமா."

அங்கேயே நிறுத்திவிட்டேன். கதவு திறந்திருந்தது. எழுந்து போய்ச் சாத்தினேன்.

இது நான் தேடப் போனது அல்ல. ஆனால் பதிவு என்பது நாம் தேடுவதை மட்டும் பிடிப்பதில்லை. இப்போது என் கையில் இருப்பது குணாவின் வேலையை முடித்துவிடக் கூடியது. நாதனிடம் காட்டினால் விசாரணையே வேண்டாம். கை நடுங்குகிறவன் அம்பைத் தட்டிவிட்டான், கதை முடிந்தது. காட்டாமல் விட்டால், உண்மையை மறைக்கிறேனா? கடைசியில் ஒன்று மட்டும் தெளிவானது. இது யாருடைய விஷயமோ, முதலில் கேட்கவேண்டியது அவனிடம்தான்.

பேக்டரிக்குப் பின்னால் இருந்த கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"குணா, முழு வீடியோவும் பாத்தேன். நீ தேடினதையும் பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அவன் நிமிரவில்லை. தேநீர்க் கப்பைத் தள்ளி வைத்தான்.

"கொஞ்ச காலமாவே இருக்குக்கா. கப்பத் தூக்கினா தளும்புது. வீட்டுல கூடச் சொல்லல." கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "நான் தொடல தொடலன்னு சொல்றேன். ஆனா எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா. கை பட்டு, எனக்கே தெரியாம ஏத்திவிட்டுட்டேனோ? நேத்து தீப்பிடிச்சிருந்தா? உள்ள ஆளுங்க இருந்தாங்கக்கா."

ஊரே தன்மேல் பழி போடுவதைவிட, தன் கையைத் தானே நம்ப முடியாமல் போனதுதான் அவனை அப்படி ஆக்கியிருந்தது. அவன் கேட்டது எனக்குள் எதையோ தட்டியது. நேற்றுப் பார்த்த வட்டம் அம்பின்மேல் ஆடாமல் நின்றதே?

"எந்திரி, என்கூட வா" என்றேன். ஆபீஸுக்குள் கூட்டிவந்து கெட்ட நேரத்தின் படத்தைப் போட்டுக் காட்டினேன். "இந்த வட்டம் எங்கேருந்து வருது பாரு."

இந்தத் தடவை அம்பைப் பார்க்காமல், வட்டம் வந்த வழியைப் பார்த்தோம். திரையின் மேல் ஓரத்தில் தோன்றியது. நேராகக் கீழே இறங்கியது. அம்பின்மேல் வந்ததும் நின்றது. எண் ஏறிக்கொண்டே இருந்தது. வட்டம் துளிகூட அசையவில்லை.

"ஒன் கை இவ்வளவு நேரம் ஒரே எடத்துல நிக்குமா குணா?"

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். "நிக்காதுக்கா" என்றான். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "சத்தியமா நிக்காது."

சரி, குணாவின் கை இல்லை. அப்படியென்றால் வேறு எது? அதைப் படம் சொல்லாது. திரைப் பதிவுக்குத் திரைக்கு உள்ளே நடப்பதுதான் தெரியும். கண்ணாடிக்கு வெளியே யார் நின்றது, என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது. அதற்கு நாம்தான் எழுந்து போய் நிற்கவேண்டும்.

அன்று கொழுந்து வந்துவிட்டதால் வேறு ஓர் ஆளைப் போட்டு டிரையரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த அறைக்குள் போய்த் திரைப் பதிவை மறுபடி தொடங்கினேன். என் கைப்பேசியைத் திரைக்கு எதிரே ஒரு பெட்டிமேல் சாய்த்து, கண்ணாடியையும் சேர்த்து வீடியோ எடுக்க வைத்தேன். குணா உள்ளே வரக்கூடாது என்பதால் கதவுக்கு வெளியே நின்றான். மூடுபனி கீழே இறங்கி மழையானது. அறைக்குள் டிரையரின் வெக்கை. எனக்கு வேர்த்தது.

திரையின் மேல் ஓரத்தில் ஏதோ மின்னியது. ஒரு தண்ணீர்த் துளி. கண்ணாடிமேல் மெதுவாக வழிந்து இறங்கியது. அதனோடு வட்டமும் இறங்கியது. அம்பின்மேல் வந்ததும் துளி நின்றுவிட்டது. எண் ஏறத் தொடங்கியது.

"குணா!" என்று கத்தினேன். "அங்கேருந்தே பாரு! ஒன் விரல் இதுதான்!"

மாற்று ஆளிடம் சூட்டைக் கையால் இறக்கச் சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தேன். திரைக்கு நேர் மேலே மலைத் தண்ணீர் வரும் இரும்புக் குழாய். மழை நாளில் அது சில்லிட்டுவிடும். டிரையரின் சூடான ஈரக்காற்று அதில் பட்டு வேர்த்துச் சொட்டுகிறது. முன்பெல்லாம் திரை தள்ளி இருந்தது. புதிய மின்பெட்டி வந்தபோது இடம் போதாமல் குழாய்க்கு அடியில் நகர்த்தியிருந்தார்கள். அந்தத் திரை நம் கைப்பேசி மாதிரி அல்ல. கையுறை போட்ட கைக்கும் வேலை செய்யவேண்டும் என்று வாங்கியது. கண்ணாடிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ஓடும். எது குறுக்கே நின்றாலும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். குணா டிரையர் வாயருகே தூளை முகர்ந்துகொண்டிருக்கும்போது துளி விழும். அவன் திரும்பி வருவதற்குள் வெக்கையில் காய்ந்துபோகும். பழி மட்டும் அவன் பெயரில் நிற்கும்.

மறுநாள் விசாரணை. நாதனும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரியும். நான் கைப்பேசிப் படத்தையும் திரைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். துளி இறங்க வட்டமும் இறங்கியது. பிறகு புகை வந்த நாள் பதிவின் கெட்ட நேரத்தைப் போட்டேன். அதே வழி, அதே நிற்பு. நாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கடவுளே, தண்ணியா!" என்றார்.

அந்த அதிகாரி கெட்டிக்காரர். "இது வெட்டின துண்டுதானே? முழுப் பதிவும் எங்க?" என்று கேட்டார்.

"என்கிட்ட இருக்கு மேடம். வெட்டியிருக்கேன்னு நானே அறிக்கையில எழுதியிருக்கேன். மத்த எடத்துல குணாவோட சொந்த விஷயம் இருக்கு. டிரையர்ல சூடு ஏறினதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அவர் சரின்னு சொன்னா காட்டறேன்."

"சம்பந்தமில்லன்னு நீங்களா எப்படி முடிவு பண்ணலாம்?"

நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் குணா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். ஸ்வெட்டர் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேசைக்கு மேல் நீட்டினான். விரல்கள் ஆடின.

"இதுதான் மேடம் விஷயம். அக்கா சொல்லாம வச்சிருந்தாங்க. நானே சொல்லிர்றேன். இந்தக் கையால அந்த அம்பு மேல அப்படி நிறுத்தி வைக்க முடியுமான்னு நீங்களே பாருங்க."

நாதன் மெதுவாகக் கேட்டார். "ஏம்பா, மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா டிரையர்ல வச்சிருப்பீங்களா சார்?"

அன்று மத்தியானமே நாதன் தன் காரில் அவனைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தைராய்டு கூடுதலாக வேலை செய்ததால் வந்த நடுக்கம், மாத்திரையில் அடங்கும் என்றார்கள். கொஞ்ச காலம் கொழுந்து வாட்டும் பக்கம் இருந்துவிட்டு, கை தேறியதும் டிரையருக்கே திரும்பலாம் என்று முடிவானது. குழாய்க்கு உறை சுற்றி, மின்பெட்டியைத் தள்ளி வைத்து, திரையைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்கள். அந்தக் குழாய் சொட்டுவது பலருக்கும் தெரியும். சொட்டும் குழாயையும் கருகும் தூளையும் யாரும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை.

அதன் பிறகு நாதன் எல்லாக் கம்ப்யூட்டரிலும் எப்போதும் பதிவு ஓடட்டும் என்றார். அவருக்கு அது பிடித்துவிட்டது. நான் மறுத்தேன். எதற்கு எடுக்கிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாத பதிவை நான் தொடங்கமாட்டேன் என்றேன். விவாதம் கொஞ்சம் சூடாகவே போனது. ஆனால் குணாவின் கையை மேசைமேல் பார்த்த மனிதர் அவர். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அறிக்கை முடிந்து, மீதிப் பதிவு தேவையில்லை என்று தலைமை அலுவலகமும் சொன்ன பிறகு, குணா ஒருநாள் ரிங்லெட் ஆபீஸுக்கு வந்தான். மாத்திரை தொடங்கி அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

"அக்கா, அந்த வீடியோ இன்னும் இருக்கா?"

"இந்தப் பெட்டியில மட்டுந்தான் இருக்கு, மத்த நகலெல்லாம் அழிச்சாச்சு. இத ஒன் முன்னால அழிக்கணும்னு வச்சிருந்தேன்."

நான் எழுந்து என் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தேன். உட்கார்ந்து மவுஸைப் பிடித்தான். திரையில் அம்புக்குறி இப்படியும் அப்படியும் ஆடியபடி போனது. கோப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்ற பொத்தானைச் சுற்றி மறுபடியும் அலைந்தது. உதவலாம் என்று என் கை பாதி தூரம் எழுந்துவிட்டது. அதை இறக்கிக்கொண்டேன். அவன் அவசரப்படவில்லை. கடைசியில் போய்ச் சேர்ந்தான். அழுத்தினான்.

"போயிருச்சாக்கா?"

"போயிருச்சு."

எழுந்து போவான் என்று நினைத்தேன். போகவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"எப்படிப் பிடிக்கிறதுன்னு எனக்கும் காட்டுங்கக்கா. நாளைக்கு டிரையர்ல ஒன்னு ஆச்சுன்னா, ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்க முடியாதுலா. நாங்களே பிடிச்சு வச்சுக்கறோம்."

மவுஸை அவன் கையிலேயே விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.